கைச்சாட்சி

மடிப்புக்காரரின் வலது கையை உடைக்க வாரியத்துக்கு மூன்று வருகைகள் தேவைப்பட்டன. மற்றவர்களுக்கெல்லாம் ஒரே வருகையில் முடிந்துவிடுகிற வேலை. ஆகவே அந்த வருட அறிக்கையில் அவர் கடையின் பெயருக்கு எதிரே ‘ஒத்துழைப்பு போதாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

அவர் சலவைக்கடை வைத்திருந்தார். துவைக்கிற இயந்திரம் இரண்டு, பிழிகிற இயந்திரம் ஒன்று, சுவரோரமாக ஒரு நீளமான தேய்ப்பு மேஜை, அதன்மேல் ஏழு கிலோ இஸ்திரிப்பெட்டி. துவைப்பது, அலசுவது, காயப்போடுவது எல்லாம் மனைவி. தேய்ப்பு அவர். அவர் மடித்த சட்டையின் ஓரத்தில் விரல் வைத்தால் அறுத்துவிடும் என்று தெருவில் சொல்வார்கள்; அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது, அது கரண்ட் பில்லில் மட்டும் வரும்.

கடைக்குச் சோறு போட்டது பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி. தினம் நூற்றிருபது விரிப்பு. கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டெடுக்க வேண்டும். வெந்நீர் இல்லாவிட்டால் விரிப்பு இல்லை. விரிப்பு இல்லாவிட்டால் பெரிய நர்ஸ் ஃபோன் செய்வார். அந்த ஃபோனை ஒரு தடவை எடுத்தவர்கள் இரண்டாவது தடவை எடுக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட கடையில் பதினோரு வருடம் உழைத்த ஹீட்டர் ஒரு காலையில் அடிவயிற்றில் ஓட்டை விழுந்து உட்கார்ந்துவிட்டது. மனைவியின் அண்ணன் குழாய் வேலை செய்கிறவர். வந்து குனிந்து பார்த்தார், எழுந்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

“போயிடுச்சு மாப்ள. வயசு. அதுமேல குத்தம் சொல்ல முடியாது.”

“புதுசு வாங்கணுமா மச்சான்?”

“வாங்கணும். அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தன லிட்டர் வெந்நீர் செலவாகுதுன்னு சொல்லு.”

“அது யாருக்குத் தெரியும்? மெஷின் கேக்குறத குடுக்கறோம்.”

“இப்படிச் சொல்லிட்டுக் கடைக்குப் போனா, அவன் ஊருக்கே பத்துற மாதிரி ஒண்ண உன் தலையில கட்டிடுவான்.”

மச்சான் சாக்பீஸ் எடுத்து தரையிலேயே கணக்குப் போட்டார். முந்நூறு லிட்டர் தொட்டி போதும் என்று வந்தது. பிறகு கடைக்குப் போய்த் தொட்டிகளைத் தடவிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, அதை மெத்தைமேல் படுக்கவைத்து வண்டியில் கொண்டுவந்தார். இறக்கும்போது நாலு பேரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

“உள்ள கண்ணாடிப் பூச்சு இருக்கு மாப்ள. இரும்பத் தண்ணி தின்னாம அதுதான் காப்பாத்துது. எங்கயும் இடிக்கக் கூடாது, தட்டக் கூடாது. பூச்சு விரிசல் விட்டா அப்பறம் ரெண்டே மாசம். இதோ, நடுவுல ஒரு மெக்னீசியம் கம்பி தொங்குது. தொட்டிக்குப் பதிலா இது கரையும். வருஷத்துக்கு ஒருவாட்டி கழட்டிப் பாத்து, மெலிஞ்சிருந்தா மாத்திடு. அடியில சேர்ற சுண்ணாம்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா திறந்து விடு. மேல இருக்கற சேஃப்டி வால்வ அப்பப்ப இழுத்து விட்டுப் பாரு. இவ்வளவுதான். பதினஞ்சு வருஷம் பேசாம கிடக்கும்.”

“வாரியத்துல பதியணுமாமே அண்ணே?” என்று மனைவி கேட்டாள்.

மச்சான் ஸ்பேனரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

வாரியம் என்றால் வெந்நீர்க்கலன் நம்பகத்தன்மை வாரியம். நாமெல்லாம் ஹீட்டர் என்பதை அவர்கள் வெந்நீர்க்கலன் என்பார்கள், அப்போதுதான் அதற்கு ஒரு கட்டடமும் இருநூறு நாற்காலியும் தேவைப்படும். எப்போதோ ஒரு பெரிய மனிதரின் குளியலறையில் ஹீட்டர் வெடித்து, அவர் துண்டுகூட இல்லாமல் தெருவுக்கு ஓடி வந்தார். பார்த்தவர்கள் பலர். அந்த வாரமே வாரியம் பிறந்தது. ஊரில் இனி நம்பத்தகாத வெந்நீர்க்கலன் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். நம்பத்தகுந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று மாதம் கூடிப் பேசி அதையும் முடிவெடுத்தார்கள். புதிதாக வைக்கிற ஒவ்வொரு கலனுக்கும் ஐந்து கிலோ சம்மட்டியால் இருபத்தோரு அடி. தாங்கினால் நல்ல கலன். தாங்காவிட்டால், நல்லவேளை, இப்போதாவது தெரிந்ததே.

ஆரம்பத்தில் அதிகாரிகள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே இருபத்தோரு அடி அடித்ததாக எழுதிவிட்டுப் போனார்கள். புகார் வந்தது. வாரியம் ஊழலைப் பொறுத்துக்கொள்ளாது. அடி உண்மையிலேயே விழுந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி பொய் சொல்லாததாக இருக்க வேண்டும் என்று யோசித்தார்கள். கலனின் சொந்தக்காரர் தன் வலது உள்ளங்கையைத் தொட்டியின்மேல் விரித்து வைத்து, ஒவ்வோர் அடியின் அதிர்வையும் உணர்ந்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். இதற்குக் கைச்சாட்சி என்று பெயர் வைத்தார்கள். நேர்மைக்காகச் செய்த ஏற்பாடு என்பதால் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதிலிருந்து ஊரில் கட்டுப்போட்ட வலது கைகள் பெருகின. முடிவெட்டுகிறவர் கட்டுப்போட்டிருந்தார். லாட்ஜ் முதலாளி இரண்டு லாட்ஜ் வைத்திருந்ததால் இரண்டு முறை கட்டுப்போட்டார். கட்டைப் பார்த்தால் போலீஸ்காரர்கூடச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆள் என்று வழிவிடுவார். கட்டில்லாத கையோடு வெந்நீரில் குளிக்கிறவனைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மடிப்புக்காரருக்கு இதெல்லாம் தெரியும். தன் வலது கையை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடமாக இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்த கை. அவரிடம் வேறு சொத்து எதுவும் கிடையாது.

முதல் வருகைக்கு ஆய்வாளர் வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் பதிவேடு, சட்டைப்பையில் சென்ட் போட்ட கைக்குட்டை. பின்னால் சம்மட்டியோடு ஓர் ஆள். அந்த ஆளின் பதவிக்கு ‘தாக்க உதவியாளர்’ என்று பெயர்.

“சுத்தமா வச்சிருக்கீங்க” என்றார் ஆய்வாளர், பளபளக்கும் தொட்டியைப் பார்த்து. “இப்படி வச்சிருக்கறதுதான் சந்தேகமா இருக்கும். சரி, கைய வைங்க. விரல நல்லா விரிங்க. பயப்படாதீங்க, அடி தொட்டிக்குத்தான்.”

முதல் அடியில் தொட்டி அலறியது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். பூச்சு உள்ளே நொறுங்குவது அவருக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது அடி தொட்டியின் தோளில் பள்ளம் போட்டது. மூன்றாவது, மடிப்புக்காரரின் சுண்டுவிரலுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. நாலாவதுக்குச் சம்மட்டி மேலே போனபோது அது எங்கே இறங்கப்போகிறது என்பது அதை வீசுகிற ஆளுக்கே தெரியவில்லை என்று அவருக்குப் புரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கை இருந்த இடத்தில், உள்ளங்கையின் நடுவுக்குச் சரியாக ஒரு பள்ளம் விழுந்தது.

ஆய்வாளர் பதிவேட்டை மூடினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

“என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? இப்ப அந்த அடி விழுந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?”

“சார், பள்ளம் இருக்கு சார். பாருங்க.”

“பள்ளம் கையெழுத்துப் போடுமா?”

‘சாட்சி ஓடியது’ என்று எழுதினார். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்றும், இரண்டு வாரத்தில் வருவதாகவும், அதுவரை அந்தத் தொட்டியில் வெந்நீர் காய்ச்சக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மனைவி அன்று மூன்று அடுப்பில் அண்டா வைத்து நூற்றிருபது விரிப்பையும் கொதிக்கவிட்டாள். கொதிநீர் தெறித்து அவள் முழங்கையெல்லாம் கொப்புளம். ஆத்திரத்தில் அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மடிப்புக்காரர் முறையிடக் கிளம்பினார். வாரியத்தின் வரவேற்பறைச் சுவரில் ‘அடித்துப் பார், பிறகு நம்பு’ என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றார்கள். நஷ்டஈட்டு விண்ணப்பத்தில் வலது கையால்தான் கையெழுத்துப் போட வேண்டும். வலது கை உடைந்தவர்கள் இடது கையால் போட அனுமதி உண்டு. அந்த அனுமதி கேட்கும் மனுவில் வலது கையால் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பேக்கரிக்காரர் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு முயன்றுகொண்டிருந்தார். அவருக்கு அது நான்காவது மாதம்.

இயக்குநர் மடிப்புக்காரரை அன்போடு உட்காரவைத்தார். நல்ல மனிதர். பேசும்போது குரல் தழுதழுக்கும்.

“உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு பாருங்க. இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல வருஷத்துக்கு எத்தன வெந்நீர்க்கலன் பழுதாச்சு தெரியுமா? மூணு. வெறும் மூணு! போன வருஷம் எத்தன? மூவாயிரத்து நூறு. எவ்வளவு பழுது ஒளிஞ்சு கிடந்திருக்கு பாருங்க. நாங்க இல்லன்னா வெளிய வந்திருக்குமா?”

“சார், அடிச்சா உள்ள பூச்சு நொறுங்கிடும்னு என் மச்சான் சொல்றாரு. அதுக்குப் பதிலா கம்பி மாத்தணும், சுண்ணாம்பு எடுக்கணும், அதான் பராமரிப்பாம்.”

“கம்பியா? எந்தக் கம்பி?” இயக்குநர் ஆர்வத்தோடு முன்னே சாய்ந்தார். “உள்ள ஒரு கம்பி இருக்கா? சுவாரசியமா இருக்கே.” ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அடியில் செருகினார்.

“கையுறை போட்டுக்கலாமா சார்?”

“அதிர்வு தெரியாதே.”

“இடது கைய வச்சுக்கறேன் சார். என் பொழப்பு வலது கையிலதான்.”

“சத்தியம் பண்றது வலது கையாலதானே? ஏமாத்தறவன்தான் இழந்தாலும் பரவால்லங்கற கையக் குடுப்பான். பொழப்பு எந்தக் கையில இருக்கோ அந்தக் கை பொய் சொல்லாது.”

“அப்ப அடியாவது தொட்டிமேல விழட்டுமே சார். கைமேலதானே விழுது.”

இயக்குநர் புண்பட்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க சம்மட்டி எங்க போகணுமோ அங்கதாங்க போகுது. உங்க கைதான் வழியில இருக்கு.”

வாசல்வரை வந்து வழியனுப்பினார். “உங்க வீட்ல எந்த ஹீட்டர் சார்?” என்று மடிப்புக்காரர் போகிற போக்கில் கேட்டார். இயக்குநர் இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். பத்து விரலும் நேராக இருந்தன. “ஐயோ, நான் வைக்கவே இல்ல. பச்சத் தண்ணிதான். அந்த மாதிரி ஆபத்தெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவர முடியுமா?”

இரண்டாவது வருகைக்குள் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய நர்ஸிடம் தோல் நிற ஆபரேஷன் கையுறை ஒன்று வாங்கிவந்தாள். கந்தல் துணியைச் சட்டைக்குப் போடுகிற கஞ்சியில் முக்கி, விரல் விரலாக அதற்குள் திணித்து, மணிக்கட்டில் கட்டினாள். கடைத்தெருவில் பார்க்கிற பல நிஜக் கைகளைவிட நல்ல கை. அதை முழுக்கைச் சட்டையின் வலது கைக்குள் வைத்துத் தைத்தாள். நிஜக் கை சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது.

“அஞ்சாவது அடியோ ஆறாவது அடியோ கைமேல விழும். விழுந்ததும் கத்தணும். மறந்துடாதீங்க” என்று பத்து முறை சொன்னாள்.

ஆறாவது அடி அந்தக் கையின்மேல் பொத்தென்று விழுந்தது. கையுறை கிழிந்து கஞ்சி பீறிட்டு, ஆய்வாளரின் வெள்ளைச் சட்டையில் தெளித்தது. மடிப்புக்காரர் தன் கை தப்பித்த சந்தோஷத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

ஆய்வாளர் படிவத்தைப் பார்த்தார். ‘அலறல்: உண்டு / இல்லை’ என்ற கட்டத்தின்மேல் பேனா நின்றது.

“ஏன் கத்தல?”

“ஐயோ!” என்றார் மடிப்புக்காரர்.

“ரத்தம் ஏன் வெள்ளையா இருக்கு?”

“அவருக்குச் சத்து கம்மி சார்” என்றாள் மனைவி.

ஆய்வாளர் பேனாவால் கையுறையைத் தூக்கினார். உள்ளிருந்து பழைய தலையணை உறை ஒன்று வழுக்கி வெளியே வந்தது. அவர் சத்தம் போடவில்லை. கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டு, ‘வாரியத்தைத் துணியால் ஏமாற்ற முயன்றது’ என்று எழுதினார். பிறகு உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தார். உதவியாளர் சம்மட்டிப் பிடியால் மடிப்புக்காரரின் விலாவில் மூன்று இடி இடித்தார். எச்சரிக்கை என்பது விதிப்படி மூன்று. மடிப்புக்காரர் தரையில் சுருண்டு, இப்போது கேட்காமலே அலறினார். அதை ஆய்வாளர் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, நேரம் கடந்துவிட்டது. அடுத்து உதவியாளர் துவைக்கிற இயந்திரங்களில் ஒன்றின் முன்னே போய் நின்றார்.

“அது ஹீட்டர் இல்லீங்க!” என்று மச்சான் ஓடிவந்து மறித்தார்.

“வெந்நீர் குடிக்குதில்ல? துணைக் கருவி” என்றார் ஆய்வாளர். நாலு அடியில் இயந்திரத்தின் வயிறு பிளந்து தண்ணீரும் சோப்பும் ஆஸ்பத்திரி விரிப்புமாக வெளியே சரிந்தது. மறித்த மச்சானுக்கு ஒரு பல் போனது. அதுவும் துணைக் கருவியில் சேர்ந்தது.

மூன்றாவது வருகையில் தோல் பட்டை கொண்டுவந்தார்கள். அதற்கு ‘சாட்சி ஆதரவுப் பட்டை’ என்று பெயர். மடிப்புக்காரரின் மணிக்கட்டைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டி, கொக்கியை மாட்டினார்கள். மனைவியை வெளியே போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை.

ஏழாவது அடி விழுந்தது. அந்தச் சத்தத்தை மனைவி அதற்குப் பிறகு பல நாள் பகலில்கூடக் கேட்டாள். நடுவிரலும் மோதிரவிரலும் பின்பக்கமாக மடங்கிவிட்டன. மடிப்புக்காரர் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. பட்டை இருந்ததால் விழ முடியவில்லை. தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். மீதிப் பதினாலு அடியும் அப்படியே விழுந்தன. பதினொன்றாவதும் பதினெட்டாவதும் மறுபடி அந்தக் கையின்மேலேயே.

தொட்டி தாங்கிவிட்டது. “வாழ்த்துகள்” என்றார் ஆய்வாளர். பள்ளம் விழாத இடமாகத் தேடி, பச்சைச் சான்றிதழை ஒட்டினார்.

அந்தத் தொட்டியின் ஆயுள் மச்சான் சொன்ன கணக்குப்படி இரண்டே மாதம். ஒரு நாள் விரிப்பெல்லாம் செம்பட்டை நிறத்தில் வெளியே வந்தன. பெரிய நர்ஸ் ஃபோன் செய்தார். மறுநாள் தொட்டியின் எல்லாப் பள்ளத்திலிருந்தும் துருத்தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. சான்றிதழ் மட்டும் நனையாமல் இருந்தது.

இன்னொரு தொட்டி வாங்க வேண்டியதாயிற்று. அதை மடிப்புக்காரர் பெயரில் பதிய முடியாது, ஏனென்றால் படிவத்தில் ‘வலது கை: பயன்பாட்டில் இல்லை’ என்று இருந்தது. மனைவி பெயரில் பதிவுக்குக் கொடுத்தார்கள். அவர் கை ஆறியிருந்தது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ஏதோ பழைய கொக்கி போல நின்றன. இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தால் நழுவியது. இப்போது தேய்ப்பதும் அவளே. மடிப்பு நேராக வரவில்லை. அவர் கடை மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆய்வாளர் ஒரு நியமன உத்தரவோடு வந்தார்.

“மறுவாழ்வுத் திட்டம். உங்களத் தாக்க உதவியாளரா எடுத்திருக்காங்க. உடனே சேரணும்.”

மடிப்புக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். “விரலே மடங்கல சார். சம்மட்டிய எப்படிப் பிடிக்கிறது? குறி எப்படிப் பாக்கறது?”

“பட்டையால கட்டி விட்ருவோம். குறி எதுக்குங்க, அடிக்கறதுதானே வேலை?” ஆய்வாளர் சிரித்தார். “எங்க உதவியாளர்ங்க எல்லாருமே பழைய சாட்சிகள்தான். உங்கள அடிச்சாரே, அவரு முந்தி வாட்ச் ரிப்பேர் பண்ணிட்டிருந்தவரு. நுணுக்கமான வேலைக்காரரு. வாரியம் யாரையும் கைவிடாது.”

“வேணாம் சார்.”

“மறுவாழ்வ மறுத்த குடும்பத்துக்குப் பதிவு கிடையாது. யோசிச்சுக்கோங்க. உங்க மனைவி பேர்ல இப்பதானே குடுத்திருக்கீங்க?”

சேர்ந்தார். வேறு என்ன செய்வது? முதல் நாள் ஒரு சிற்றுண்டிக் கடைக்காரரின் கட்டைவிரலை நசுக்கினார். வேண்டுமென்று செய்தாரா என்று கேட்காதீர்கள். மடங்காத கையில் பட்டையால் கட்டிய ஐந்து கிலோ இரும்பு மேலே போனால் எங்கே தோன்றுகிறதோ அங்கே இறங்கும். மூன்றாம் நாள் ஓர் அழகுநிலையம். அந்தப் பெண் கையை வைக்கும்போது, “அண்ணா, பாத்து” என்றாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுதால் குறையும் என்று அவருக்குத் தோன்றியது, அழுகை வரவில்லை. மூன்று வாரத்தில் ஒன்பது கைகள் ஆயின. வாரியம் அவருக்கு ஊக்கக் கடிதம் கொடுத்தது.

நாலாவது வாரத்துப் பட்டியலில் அவர் கடையே இருந்தது.

“இது என் கடை சார். அது என் பொண்டாட்டி” என்றார்.

“தெரியும். வேணும்னேதான் போட்டிருக்காங்க. உறவுன்னு பாத்து மெல்லமா அடிப்பீங்களான்னு வாரியம் பாக்கணுமில்ல? நேர்மைங்கறது வீட்லருந்துதான் ஆரம்பிக்கணும்” என்றார் ஆய்வாளர். வெள்ளைச் சட்டை புதிது.

மச்சான் பல்லில்லாத இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டு ஓரமாக நின்றார். புதுத் தொட்டி பளபளத்தது. மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, வலது உள்ளங்கையைத் தொட்டியின் கீழ்விளிம்பில் வைத்தாள். மடிப்புக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். சோப்பில் ஊறி ஊறி வெளுத்துப்போன விரல்கள், முழங்கையில் அண்டா தெறித்த தழும்பு. இப்போது வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே வலது கை அதுதான். சம்மட்டியைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்க்கப் பார்த்தார். இடது கையால் அந்தக் கொக்கியை அவிழ்க்க வரவில்லை.

“என்னால முடியாது” என்றார்.

“அப்ப வாட்ச்காரரக் கூப்பிடறேன். அவருக்கு இவங்க யாரோதான்” என்றார் ஆய்வாளர்.

“நீங்களே அடிங்க” என்றாள் மனைவி. “கண்ண மட்டும் மூடாதீங்க.”

ஆய்வாளர் அவள் கை இருந்த இடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். “அங்க ஒளிச்சு வச்சா அதிர்வு வராது. நடுவுல வைங்க. இது புருஷன் பொண்டாட்டி கூட்டு மாதிரி இருக்கு.” முன்னே வந்து, இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். தன் வலது உள்ளங்கையைத் தொட்டியின் நடுவயிற்றில் பதித்து, பளார் பளார் என்று தட்டிக் காட்டினார். “இங்க வைங்க. சரியா இங்க. நீங்க இவங்க கையப் பாக்காம, இந்த இடத்தப் பாத்து அடிக்கணும். என்ன, புரியுதா? இங்க!”

மடிப்புக்காரர் அந்த இடத்தைப் பார்த்தார். சம்மட்டி மேலே போனது. இந்த ஒரு தடவை மட்டும் அது எங்கே இறங்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

சத்தம் தொட்டியின் சத்தமாக இல்லை. ஆய்வாளர் முதலில் தன் கையைப் பார்த்தார், அது எதற்கு அப்படித் தட்டையாக இருக்கிறது என்று யோசிக்கிற மாதிரி. பிறகுதான் அலறினார். அலறிக்கொண்டே உட்கார்ந்தார், உருண்டார், சட்டையெல்லாம் சிவந்தது. சென்ட் போட்ட கைக்குட்டையை எடுக்கப் போய், எடுக்க விரல் வராமல் மறுபடி அலறினார். மச்சான் தொட்டியைக் குனிந்து பார்த்து, விரலால் தடவினார்.

“கீறல்கூட இல்ல மாப்ள.”

கீழே விழுந்த பதிவேட்டை மனைவி எடுத்தாள். பேனாவைத் தேடி எடுத்தாள். அலறல் கட்டத்தில் ‘உண்டு’ என்பதை அழுத்தமாக வட்டமிட்டாள். வலது கை அதிர்வு உணர்ந்ததா என்ற கட்டத்திலும் ஒரு டிக் போட்டாள். பிறகு ஆய்வாளரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மச்சான் ஆய்வாளர் கொண்டுவந்திருந்த ஆதரவுப் பட்டையை எடுத்து நீட்டி, அதன் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒண்ணு ஆயிடுச்சு. இன்னும் இருபது அடி இருக்கு” என்றாள் மனைவி. “அடிச்சிடலாமா, இல்ல எழுதிக்கலாமா?”

ஆய்வாளர் சம்மட்டியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. வேலை பாதியில் நிற்கிறவரின் முகம் அது.

“எழுதிக்கலாம்மா” என்றார். “எழுதிக்கலாம்.”

இருபத்தொன்று என்று எழுதினாள். பச்சைச் சான்றிதழைத் தொட்டியின் நடுவில் ஒட்டினாள். அதில் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், அவரால் முடியாது. ஆகவே அவருடைய கட்டைவிரலைப் பிடித்து, காட்டிய இடத்தில் ஒற்றி எடுத்தாள். அதற்கு மை தேவைப்படவில்லை.